ஆயிரம் வருஷம் தேய்ந்த சொல்

ஜனவரி 11

அவர் என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார், வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறாள் ஷர்மிளா. பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரப்போகிற பெண். டயர் கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. எழுதுகிறேன்.

அவள் படிப்பாள் என்பதால் முதலில் விவரம். நான் பிலோமினா. உறையூரில் பெண்களுக்கு மட்டும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் அமல்ராஜ் ரயில்வே ஆபீஸில் கிளார்க். டிசம்பரில் ஒரு காலை பல் துலக்கப் போனவர் பாத்ரூமில் சரிந்துவிட்டார். ஸ்ட்ரோக். வலது கையும் காலும் விளங்கவில்லை. நடை மெல்ல வரும் என்கிறார் டாக்டர். பேச்சைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார். நாம் சொல்வது அவருக்கு எவ்வளவு புரிகிறது என்பதும் தெரியாதாம்.

இன்று வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஹாலில் கட்டில் போட இடம் வேண்டும். அதனால் அவருடைய கம்ப்யூட்டர் மேஜையைப் பிரித்து மாடி அறையில் போடச் சொன்னேன். ஆட்கள் தூக்கும்போது "ஹெதி, ஹெதி" என்று சத்தம் போட்டார். கண்ணில் தண்ணீர். பாவம், பழைய சாமான் நகர்வதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நெற்றியில் சிலுவை போட்டுவிட்டேன்.

இரவு ரவைக்கஞ்சி. பாதி குடித்தார்.

ஜனவரி 15

பொங்கலுக்கு அவருடைய அக்கா ரெஜினா அண்ணி மணப்பாறையிலிருந்து வந்தார். தம்பியின் கழுத்தில் துண்டைக் கட்டி, "என் செல்லம்ல, ஒரு வாய்" என்று ஸ்பூனால் ஊட்டினார். நாற்பத்தெட்டு வயது மனுஷன். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அண்ணியிடம் வாயைக் கொடுத்தால் மீள முடியாது.

கஞ்சி மீசையில் ஒட்டிக் காய்ந்துபோகிறது. துடைத்துத் துடைத்து எனக்குக் கை ஓய்ந்தது. சுத்தமாக இருக்கட்டும் என்று இன்று மீசையை எடுத்துவிட்டேன். முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பி ஹெதி ஹெதி என்று ஒரே அடம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக முடித்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. கண்ணாடியைக் காட்டினேன், பார்க்கவில்லை.

ஜனவரி 21

அதே கஞ்சி, அதே சத்தம். எழுத வேறொன்றும் இல்லை.

ஜனவரி 28

சென்னையிலிருந்து இம்தியாஸ் என்ற பையன் போன் செய்தான். பையன் என்றால் முப்பது வயது இருக்கும், கம்ப்யூட்டர் கேம் கம்பெனி வைத்திருக்கிறான். என்ன விஷயம் என்றால், அவருடைய பாஷை விஷயம்.

இதையும் எழுதத்தான் வேண்டும். என் வீட்டுக்காரருக்குச் சீட்டு இல்லை, சிகரெட் இல்லை. அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் இந்த பாஷைதான். ஆங்கிலப் படங்களில் வருவார்களே, காது கூராக நீண்டு, காட்டுக்குள் வாழ்ந்து, சாகவே சாகாத எல்ஃப் ஜனங்கள், அவர்களுக்கு இவராக ஒரு பாஷை உண்டாக்கினார். சாரெல் என்று பெயர். ஆபீஸ் விட்டு வந்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முணுமுணு என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார். "இதுக்குப் பேசாம ஜோசியம் கத்துக்கிட்டிருந்தா நாலு பேராவது வந்திருப்பாங்க" என்பேன். சிரித்துக்கொள்வார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் இந்தக் கிறுக்கு வந்திருக்காது என்பார் ரெஜினா அண்ணி. வீட்டில் பேசுகிறவள் எப்போதும் நான்தான். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அல்லது கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு அந்த பாஷையை யோசித்துக்கொண்டிருப்பார்.

இம்தியாஸின் கேமில் அந்தக் காட்டு ஜனங்கள் வருகிறார்கள். அவர்கள் பேசுவது இவருடைய சாரெலாம். கேட்டபோதே எனக்கு ஆச்சரியம். வேலை பாதியில் நிற்கிறது, புனேயில் பாஷை படித்த ஒரு பெண் இருக்கிறாள், மிச்சத்தை அவளிடம் கொடுத்து முடித்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். நல்ல பையன். அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தார். நான் ஸ்பீக்கரில் போட்டு, தாராளமாகக் கொடுங்க தம்பி, அவர் இனிமேல் ஓய்வெடுக்கட்டும் என்றேன். அவர் இடது கையால் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். கட்டில் எல்லாம் ஈரம். ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குக் காரணம் இல்லாமல் கோபம் வரும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 3

ஒன்று கவனித்தேன். தாகம் எடுத்தால் கூஜா பக்கம் பார்த்து "ஏலுன்" என்கிறார். நேற்றும் அதேதான், முந்தாநாளும் அதேதான். சும்மா வருகிற சத்தம் என்றால் எப்படி ஒரே மாதிரி வரும்? சட்டென்று அவருடைய கிறுக்கு ஞாபகம் வந்தது. தமிழ் போய்விட்டது. அந்த பாஷை போகாமல் இருக்குமோ?

இம்தியாஸைக் கூப்பிட்டு, தண்ணீருக்கு சாரெலில் என்ன தம்பி என்றேன். ஸாரின் சொல்பட்டியல் இருக்கிறது, அனுப்புகிறேன் என்றான்.

பிப்ரவரி 4

பட்டியல் வந்தது. தண்ணீர் என்றால் கேலுனா. ஏலுன் இல்லை. ஆனால் கிட்டத்தட்ட இருக்கிறது.

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் தன் பாஷையைத்தான் பேசப் பார்க்கிறார், நாக்குப் புரளாமல் குழறுகிறது. அப்படியென்றால் உள்ளே ஆள் இருக்கிறார். மூளை போய்விட்டது என்று இனிமேல் யாராவது சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன். கியரைத் தொட்டாலே அழுகிற பெண்களைப் பாலக்கரை நெரிசலில் வண்டி ஓட்ட வைத்தவள் நான். இவரைப் பேச வைக்க மாட்டேனா?

பிப்ரவரி 9

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏறித்தான் ஆக வேண்டும். பட்டியலைப் பிரின்ட் எடுத்து வண்டி டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன். வண்டி ஓட்டக் கற்கிற பெண் வரும்வரை மனப்பாடம் செய்கிறேன்.

ஒவ்வொரு சொல்லுக்கும் அது எங்கேயிருந்து பிறந்தது என்று எழுதியிருக்கிறார். கேலுனா, தண்ணீர்: வழி கேட்காமல் போவது. கதவுக்கு உள்ள சொல்லின் மூலம், காத்திருக்கும் மரம். விருந்தாளி கரோபி. அதன் மூலம் என்ன தெரியுமா, நாயைக் குரைக்க வைப்பவன். வண்டியில் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். ரோட்டில் போன ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். இப்படியெல்லாம் யோசிக்கிற மனுஷனோடுதான் இத்தனை வருஷம் சாம்பார் சரியில்லை, ரசம் சரியில்லை என்று காலம் தள்ளியிருக்கிறேன்.

பிப்ரவரி 12

பாடம் ஆரம்பம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "கேலுனா, சொல்லுங்க. கே-லு-னா" என்றேன். ஏலுன் என்றார். இல்லைங்க, கேலுனா. ஏலுன். சரியாகச் சொன்னால்தான் தண்ணீர் என்று டம்ளரைத் தள்ளிவைத்தேன். நல்லதுக்குத்தானே. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நானே மனசு கேட்காமல் குடிக்கக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 17

ஷர்மிளா திட்டினாள். திட்டினாள் என்றால் மரியாதையாகத்தான். அந்த பாஷை வேண்டாம் ஆன்டி, தமிழே தடுமாறுகிற நேரத்தில் அதையும் இதையும் கலந்தால் குழம்பிவிடுவார், இந்த மாதிரி அர்த்தமில்லாத சத்தம் நிறைய பேருக்கு வரும் என்றாள். படித்த பெண், அக்கறையோடுதான் சொல்கிறாள். ஆனால் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவள் இருக்கும்போது தமிழ், அவள் போனபிறகு சாரெல் என்று முடிவு செய்திருக்கிறேன். இனி இந்த டைரியை அவளிடம் காட்டப்போவதில்லை.

பிப்ரவரி 22

அவர் ஒத்துழைக்கவில்லை. கோமரி என்றால் சாப்பாடு, சொல்லுங்கள் என்றால் "ஓமர்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். என்னிடம் படிக்கிற பெண்ணாக இருந்தால் இந்நேரம் கிளட்சை நான் மிதித்து வண்டியை நிறுத்தியிருப்பேன். இன்று கத்திவிட்டேன். கத்திய பிறகு அடுப்படியில் நின்று அழுதேன். யாரிடம் சொல்வது?

பிப்ரவரி 26

வண்டியை உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம் நிறுத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் இம்தியாஸிடம் புலம்பினேன். தம்பி, ஒரு சொல்கூட சரியாக வர மாட்டேன் என்கிறது, கேலுனாவை ஏலுன் என்கிறார், கோமரியை ஓமர் என்கிறார் என்று. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"மேடம், ஸார் சரியாத்தான் சொல்றார். நீங்கதான் தப்புச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க."

அவர் வேலை செய்யும் முறையே அப்படியாம். சொல்லை நேராக உண்டாக்க மாட்டார். முதலில் அந்த ஜனங்களின் பாட்டன் பூட்டன் மலைமேல் இருந்தபோது பேசிய பழைய சொல்லை உண்டாக்குவார். அதை மட்டும்தான் எழுதிவைப்பார். பிறகு ஆயிரம் வருஷம் வாயில் புழங்கி அது எப்படித் தேயும் என்று சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். சாரெலில் தேய்மானத்துக்கு இரண்டு விதி. கடைசி உயிர் ஓசை போய்விடும், 'க்' எங்கே இருந்தாலும் உதிர்ந்துவிடும். கேலுனா தேய்ந்து ஏலுன். கோமரி தேய்ந்து ஓமர். தேய்ந்த சொல்தான் உயிரோடு இருக்கிற சொல். அதை எழுதவே மாட்டாராம், எழுதினால் அதுவும் பழசாகிவிடும் என்பாராம். கேமுக்குக் குரல் கொடுப்பவர்களுக்காக வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவாராம்.

முணுமுணு என்று சொல்லிக்கொண்டே இருப்பார் என்று எழுதினேனே. அதுதான் வேலை.

பதிவு செய்ததை அனுப்பச் சொன்னேன். போனில் கேட்டேன். முதலில் தொண்டையைக் கனைக்கிற சத்தம். பிறகு அவர் குரல். டிசம்பருக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கவே இல்லை.

"கேலுனா. இது பழசு. ஆயிரம் வருஷம் போச்சு. இப்ப, ஏலுன். தண்ணி."

இப்படியே ஒவ்வொன்றாக. பின்னால் மிக்ஸி ஓடுகிறது, நான் ஏதோ கத்துகிறேன், இரு பிலோ என்கிறார், மறுபடி ஆரம்பிக்கிறார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஹெதிகா. பழசு. ஆயிரம் வருஷம் போச்சு. இப்ப, ஹெதி. வேண்டாம்."

ஆண்டவரே. வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் மேஜையைத் தூக்கும்போது வேண்டாம் என்றிருக்கிறார். மீசையை எடுக்கும்போது, நான் கன்னத்தைப் பிடித்து அமுக்கும்போது, வேண்டாம் வேண்டாம் என்றிருக்கிறார். நான் டைரியில் சத்தம் என்று எழுதியிருக்கிறேன்.

பத்து மணிப் பெண் போன் செய்தாள். இன்று கிளாஸ் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 26, மதியம்

வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல் கூட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். நீ என்பதற்கு செகி, தேய்த்தால் செ. அந்த பாஷையில் நீங்கள் கிடையாது, எல்லாருக்கும் செதான். கட்டிய நாளிலிருந்து நீங்க வாங்க என்று கூப்பிட்ட மனுஷனை நீ என்பதற்கு வெட்கமாக இருந்தது.

"செ ஏலுன்?" என்றேன்.

அப்படியே என்னைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று என்னென்னவோ பேசினார். ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. பட்டியலை எடுத்துக்கொண்டு வருகிறேன் இருங்கள் என்றால் கையை விடவில்லை. சரி என்று உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 3

ஷர்மிளா வந்தபோது பதிவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டாள். பிறகு பதிவில் பெயர் வரும் சில பொருள்களை மேஜையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டாள். முக்கால்வாசி சரியாகச் சொன்னார். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை ஆன்டி, எல்லாச் சத்தமும் சொல்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் இது பாலமாக இருக்கட்டும், இதைப் பிடித்துக்கொண்டு தமிழுக்கு வரலாம் என்றாள். மன்னிப்பும் கேட்டாள். எதற்கு மன்னிப்பு, அவளா மீசையை எடுத்தாள்?

மீசையை வளர விட்டிருக்கிறேன்.

மார்ச் 14

நன்றாகப் போகிறது. சாப்பாடு, தூக்கம், விளக்கு, வலி எல்லாம் பேசிக்கொள்கிறோம். காட்டு ஜனங்களுக்கு இல்லாத சாமான்கள்தான் பிரச்சினை. அவர்களிடம் மாத்திரை ஏது, கேஸ் சிலிண்டர் ஏது. அவரே புதிதாகச் சொல்கிறார். மாத்திரை, கசக்கும் விதை. சிலிண்டர், சிவப்புப் பாறை. அவர் சொன்னதும் நான் பட்டியலில் மூலத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் இடது கையால் தொடையில் தட்டுகிறார்.

மத்தியானம் ரெஜினா அண்ணி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இவர் என்னைப் பார்த்து "அரோப்" என்றார். கரோபி, நாயைக் குரைக்க வைப்பவன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னடி சொல்றான் என் தம்பி என்றார் அண்ணி. உங்களைத்தான் வாங்கன்னு சொல்றார் அண்ணி என்றேன். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், பொய் சொன்னதில் தப்பில்லை, ஒருவகையில் உண்மைதானே. ஊட்டுவதற்கு ஸ்பூனை எடுத்தார். ஹெதி என்று ஸ்பூனை வாங்கி இடது கையால் தானே சாப்பிட்டார். மேலெல்லாம் கொட்டிக்கொண்டார். சாப்பிட்டார்.

மார்ச் 20

இம்தியாஸுக்கு போன் போட்டேன். தம்பி, புனேக்காரி எல்லாம் வேண்டாம், மிச்ச வேலையை அவரே முடித்துக் கொடுப்பார், ஈஸ்டருக்கு முன்னால் எல்லாச் சொல்லையும் பதிவு செய்து அனுப்புகிறேன், இது என் பொறுப்பு என்றேன். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நிஜமாவா அக்கா, ஸார் சம்மதிச்சாரா என்றான். சம்மதிக்காமல் என்ன, அவருடைய பாஷை, அவர்தானே முடிக்க வேண்டும்?

மூளை சரியில்லை என்று சொன்னவர்கள் எல்லாரும் கேம் வந்ததும் காதால் கேட்கட்டும்.

மார்ச் 23

மாடியிலிருந்து கம்ப்யூட்டர் மேஜை இறங்கிவிட்டது. கட்டிலுக்கு எதிரே போட்டேன். தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். காலையில் நடைப்பயிற்சி, பிறகு ஷர்மிளா பாடம், பிறகு பதிவு என்று சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கிறேன்.

மார்ச் 27

பட்டியலில் பதிவாகாத பழைய சொற்கள் இன்னும் ஏகப்பட்டவை. நான் பழசைச் சொன்னால் அவர் தேய்ந்ததைச் சொல்ல வேண்டும். நாலைந்து சொன்னதும் ஹெதி என்கிறார். தெரிந்த சொல்தான். ஆனாலும் என்ன செய்வது, இந்த மாதிரி நேரத்தில் விட்டுக்கொடுத்தால் அப்படியே படுத்துவிடுவார். கால் பயிற்சிக்கும்தான் வேண்டாம் என்கிறார். விட்டுவிட முடியுமா? உரலுக்குள் தலையை விட்டாயிற்று, உலக்கைக்குப் பயந்து ஆகாது.

மார்ச் 30

இன்று ஒன்றும் பதிவாகவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டார்.

ஏப்ரல் 2

சண்டை.

இம்தியாஸ் போனில் காத்திருந்தான், அங்கிருந்தே பதிவு செய்துகொள்வதாக ஏற்பாடு. நான் ஒரு சொல்லைச் சொன்னேன். பேசவில்லை. இன்னொன்றைச் சொன்னேன். ஜன்னலைப் பார்த்தார். தம்பி, அவருக்குக் கொஞ்சம் களைப்பு, நாளைக்கு நிச்சயம் என்று போனை வைத்துவிட்டு, கத்தினேன். உங்களுக்காகத்தானே இவ்வளவும் பண்றேன், வண்டியில போகும்போதும் வரும்போதும் இந்தப் பாழாப்போன பாஷையைப் படிக்கிறேன், ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுபோச்சு என்று. இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுத நன்றாக இல்லை.

கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றார். யாரும் பிடிக்கவில்லை. நின்றுகொண்டு என் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"இமூர் அன்."

அன் என்றால் நான், என்னை. அது தெரியும். இமூர் தெரியவில்லை. என்னங்க, என்ன சொல்றீங்க என்றேன். மறுபடி, ஒவ்வொரு எழுத்தாக, டிரைவிங் தெரியாதவளுக்கு நான் சொல்வதுபோலச் சொன்னார். இமூர். அன். பிறகு கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டார்.

பட்டியலைப் புரட்டினேன். உதிர்ந்த க-வை முன்னால் போட்டுத் தேடினால் கிமூரா. கேள், கேட்பது. மூலம்: குவித்த கை. பக்கத்தில் அவருடைய விளக்கம், யாரிடமாவது ஒன்றைக் கேட்பது என்றால் கையைக் குவித்து நீட்டிவிட்டு, அதில் என்ன விழுகிறதோ அதற்காக நிற்பது.

என்னைக் கேள் என்கிறார்.

நான் கேட்கவில்லையா? மாத்திரை போட்டுக்கொள்கிறீர்களா, தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா, எல்லாம் கேட்கிறேனே. அப்படித்தான் முதலில் ரோஷமாக நினைத்தேன். பிறகு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் துலக்கினேன். மேஜையை மேலே ஏற்றியது நான். கீழே இறக்கியதும் நான். பாஷையைப் புனேக்குக் கொடுத்தது நான், திருப்பி வாங்கியதும் நான். அவருக்குப் பேச்சு போனபோது கேட்காதது சரி, பேச்சு வந்தபிறகும் கேட்கவில்லை. சொல் புரியாமல் மீசையை எடுத்தேன். சொல் புரிந்தும் வாயைத் திறக்கச் சொல்லி அடம்பிடித்தேன். இரண்டில் எது மோசம் என்று யோசித்தால் பின்னதுதான்.

ஏப்ரல் 3

காலை காபி கொடுத்துவிட்டு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கேட்டேன். எனக்கு அவர் பாஷையில் அவ்வளவு நீளமாகச் சொல்லத் தெரியாது. தமிழிலேயே மெதுவாகச் சொன்னேன். மிச்சச் சொல்லெல்லாம் இருக்கு. நீங்களே முடிச்சுக் கேமுக்குக் கொடுக்கறீங்களா, புனேக்காரிக்கே விட்டுடலாமா. என்ன பண்ணணும்னு நீங்க சொல்லுங்க.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் தெரியாது. அவர் உதடு அசையும், நிற்கும். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிடும், களைப்பா இருக்கா, நாளைக்குப் பேசலாமா, முடிக்கிறதுதானே என்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. எழுந்திருக்கவில்லை.

"ஹெதி" என்றார் முதலில். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "ஹெதி."

முடிப்பதும் வேண்டாம், கொடுப்பதும் வேண்டாம். அப்புறம் என்னதான் வேண்டும் மனுஷா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவர் இடது கையைத் தூக்கி ஹாலைக் காட்டினார். கட்டில், மேஜை, அடுப்படி வாசல், நான்.

"வெச அலேன்," என்றார். மூச்சு வாங்கினார். "தோரெம். நிரு."

வெசகா, மிச்சம். கலேனு, சொல். தோரெமி, வீடு. பட்டியல் தேவைப்படவில்லை. கடைசிச் சொல்தான் கொஞ்சம் இடறியது. நிருகோ. நாம் இருவர் மட்டும், வேறு யாரும் சேராத நாம்.

மிச்சச் சொல் வீட்டுக்கு. நம் இரண்டு பேருக்கு.

கேமுக்குப் போனது போகட்டும், போகாதது எல்லாம் நாம் பேசிக்கொள்ள வேண்டும் என்கிறார். இருக்கிற ஒரே பாஷை, அதையும் ஊருக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் எதைப் பேசுவது என்கிறார். இத்தனை வருஷம் அந்தக் காட்டு ஜனங்களுக்காகச் சேர்த்ததை மனுஷன் எனக்குத் தருகிறார். நான் அட்டவணை போட்டு அதைப் பிடுங்கி அனுப்பப் பார்த்திருக்கிறேன். அழுகை வந்தது. அழுதேன். பிறகு கோபமும் வந்தது, இந்தப் பையனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே, எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன் என்று. அதற்கும் ஏதோ சொன்னார். புரியவில்லை. திட்டுதான், தொனியில் தெரிந்தது.

அதற்குள் போன் அடித்தது. இம்தியாஸ்தான். ஸ்பீக்கரில் போட்டேன். குட் மார்னிங் அக்கா, இன்னைக்கு ரெக்கார்டிங் உண்டுதானே என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பேச ஆரம்பித்துவிட்டார். திக்கித் திக்கி, நடுவில் நின்று நின்று, நீளமாக. அந்தப் பையனும் இரண்டு வருஷமாக இவரோடு வேலை செய்தவன், பாஷை கொஞ்சம் தெரிந்தவன். ஆனாலும் போனில் பாதி பிடிபடவில்லை போல.

"அக்கா, ஸார் என்ன சொல்றார்?"

விஷயம் எனக்குத் தெரியும். சொல்லியிருப்பேன், இரண்டே நிமிஷத்தில் அவனுக்கு வலிக்காமல் அழகாக எடுத்துச் சொல்லியிருப்பேன். போனை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"அவரையே கேளுங்க தம்பி" என்றேன்.